விரல் பட்டால் உதிரும்

சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில், 2021 ஆகஸ்டில், குடிவந்தவர்கள் சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தார்கள். பொரிமாவு மாதிரி பூச்சு கொட்டியது. உடனே தரத்தை ஆராய அரசு ஐ.ஐ.டி.யை அழைத்தது. காலண்டர் மாட்ட ஆணி அடித்த ஆயாக்கள் அதற்குள் ஆய்வை முடித்திருப்பார்கள், கட்டணமில்லாமல்.

அதே ஆண்டில் ஒரு மராமத்து மட்டும் மளமளவென்று முடிந்தது. இந்த வீடுகளைக் கட்டிய, 1970 முதல் குடிசை மாற்று வாரியமாக இருந்த அமைப்பு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர்ப்பலகையில் பூச்சு உதிர்ந்ததாகத் தகவல் இல்லை.

இப்படிப்பட்ட அடுக்குமாடிகளில் மின்சிக்கனமா? அதிலெல்லாம் நாம் கெட்டி. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் தண்ணீர்க் குடத்தோடு மேல்மாடிக்கு ஏறுகிறவர் ஒரு யூனிட்கூடச் செலவழிப்பதில்லை. நடுவில் மூச்சு வாங்க நிற்கும்போது சுவரில் மட்டும் சாயக் கூடாது.