அடிவாரச்சொல்: ஓர் ஆய்வு

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவர் பழனி அடிவாரத்தில் செருப்பு விட இடம் தேடியவரல்லர் என்பது இதனாலேயே பெறப்படும். தேடியிருந்தால் ஐந்தாவதாக அடிவாரச்சொல்லையும் சேர்த்து, சேனாவரையருக்கு வேலையைக் கூட்டியிருப்பார்.

அடிவாரச்சொல்லாவது, பாலக்காட்டு ரயிலில் வந்தவரையும் பெங்களூர் வேனில் வந்தவரையும் அவரவர் மொழியிலேயே பூஜைத் தட்டு வாங்க வைப்பது. அது விளி, விலை, மறுப்பு என மூவகைப்படும்.

விளி: மலையாளிக்கு 'சேட்டா, வரூ', தெலுங்கருக்கு 'ரண்டி', கன்னடருக்கு 'பன்னி'. ஐயப்ப சீசனில் எல்லாருக்கும் 'சாமி'. மொழியியலுக்கு அப்போது விடுமுறை.

விலை: 'எத்ர', 'எந்த', 'எஷ்டு' எதுவாயினும் பதில் விரலில் வரும்.

இனி மறுப்பு. மலையாளத்தில் 'வேண்டா', தெலுங்கில் 'ஒத்து', கன்னடத்தில் 'பேடா'. நாலு மொழியில் கூப்பிடத் தெரிந்த வியாபாரிக்கு இவற்றில் ஒன்றும் விளங்குவதில்லை. 'பேடா' என்றவருக்கு இனிப்புக்கடை காட்டப்பட்டது (விபூதிப் பொட்டலம், உள்தாள், இரண்டாம் மடிப்பு). 'ஒத்து' என்றவரிடம் நாயனம் எங்கே என்று கேட்கப்பட்டது (பஞ்சாமிர்த டப்பா, மூடியின் உட்புறம், பிசுக்கில்லாப் பகுதி மட்டும்). தமிழிலேயே 'வேண்டாம்' என்றவர் நெற்றிக்குச் சந்தனம் வந்து, பின்னாலேயே தட்டும் நீண்டது (வின்ச் வரிசைச் சுவடி, இரண்டாம் காண்டம், முன்னவர் முதுகுப் படலம்; இது இடைச்செருகல் என்பார் பின்னால் நின்றவர்).

காது கேளாமையா என்றால் இல்லை. சட்டைப்பையில் சில்லறை குலுங்குவது அதே காதுக்குக் கேட்கிறது. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் காதுக்கும் கேட்டு வாங்கியிருக்கலாம். மறுப்பைக் காதில் வாங்காமல் மேலே பேசிக்கொண்டே போகும் முறை நம் கருத்தரங்குகளிலும் உண்டு. அங்கே பேசுகிறவர் கையில் தேங்காய் பழம்கூட இருக்காது.

2004இல் ரோப் கார் வந்ததும் மலையேறும் நேரம் குறைந்தது. அடிவாரத்தைத் தாண்டும் நேரம் குறையவில்லை. காரணம் மேலே கூறப்பட்டது.

ஆகவே, யாத்திரை கிளம்புமுன் அந்நிய மொழிக் கையேடு எதுவும் வாங்க வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு, பதில் பேசாமல் நடையைக் கட்டுங்கள். தட்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் நில்லுங்கள். கையில் வாங்குவதற்கு முன் விலையைக் கேளுங்கள்.