ராயர் எழுதிய ஃபர்ம்வேர்

கல்வராயன் மலைக்கு முதல் ஃபர்ம்வேர் எழுதியவர் கிருஷ்ணதேவராயர். நான் கட்டிவிட்ட கதை இல்லை, மலையில் வழிவழியாகச் சொல்வது. மலையை மூன்று ஜாகீராகப் பங்கிட்டு மூன்று கவுண்டர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, இனி நீங்களாச்சு மலையாச்சு என்கிற தோரணையில் ராயர் ஹம்பிப் பக்கம் குதிரையைத் திருப்பிவிட்டார். ராயர் போனார். விஜயநகரமும் போனது. நவாப் போனார், கும்பெனி வந்து போனது, விக்டோரியா மகாராணி மலைப்பக்கம் எட்டிப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். 1947-இல் நாடே விடுதலை அடைந்தது. மலைமேல் மட்டும் ராயர் போட்டுவிட்டுப் போன பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது.

கீழே சென்னையில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இலேயே தயார். மலையில் ஜாகீர்தார் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976-இல். நடுவில் 28 வருஷம். வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அன்றைக்கு நல்ல ரோடு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் 28 வருஷம் என்பது சென்னையிலிருந்து தவழ்ந்து வந்தாலும் மிச்சம். அதுவரை மலைவாசிகள் சாமை விளைத்து, கடுக்காய் பொறுக்கி, ஜாகீர்தாருக்கு வரியும் கட்டி, கூலியில்லாத வேலையும் செய்துகொண்டிருந்தார்கள்.

டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் துளிக்கூட ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர்கள் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. பேட்ச், அதாவது பிழைத்திருத்தம், வந்துவிட்டது என்பது ஒரு செய்தி. பேட்ச் போட்டாயிற்று என்பது வேறு செய்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாகீர்தார் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஃபர்ம்வேர் என்பது விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் கண் விழிப்பதற்கு முன்பே எழுந்து, இயந்திரத்தைத் தட்டி எழுப்புகிற நிரல். போர்டில் ஒரு சில்லுக்குள் குடியிருக்கும். சர்வர் என்றால் ஒன்று போதாது. வட்டுக்கு ஒன்று, வட்டுகளை மேய்க்கும் அட்டைக்கு ஒன்று, நெட்வொர்க் அட்டைக்கு ஒன்று. போதாக்குறைக்கு பிஎம்சி என்று தாய் போர்டிலேயே ஒரு குட்டிக் கணினி உண்டு. சர்வரை அணைத்தாலும் அது அணையாது. பத்து ஊர் தள்ளியிருந்து சர்வரை எழுப்பவும் படுக்கவைக்கவும் அதுதான் வழி. இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஃபர்ம்வேர் வரலாற்றில் நம் பக்கத்து வாடை அடிக்கும் இடம் ஒன்று உண்டு. 1990-களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் எல்லாம் ஒரே ராத்திரியில் கம்ப்யூட்டர் சென்டராக மாறிய காலத்தில் படித்தவர்களுக்கு, பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் முதலில் தெரிந்த பெயர் நினைவிருக்கும்: அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985-இல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுப்ரமணியன் சங்கர். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் அப்படியே அச்சடிக்கலாம் போன்ற பெயர். முதல் வாடிக்கையாளர், பின்னாளில் டெல் என்று பெயர் மாறிய பிசிஸ் லிமிடெட். சென்னையிலும் கம்பெனிக்குக் கிளை உண்டு. அவர்கள் எழுதிய பயாஸ் என்கிற ஃபர்ம்வேர்தான் அந்தக் காலத்துக் கணினிகளில் பாதி ஊரை ஆண்டது. நினைவகம் சரியில்லை என்றால் திரையில் ஒன்றும் வராது, பீப் பீப் என்று அலறும். சர்வீஸ்காரர் வந்து ரேமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். இந்த ரப்பர் வைத்தியம் எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இல்லை. பலித்தது.

1993 நவம்பர் 13 அன்று அந்த பயாஸ் உள்ள சில கணினிகளை ஆன் செய்தவர்களுக்கு ஒரு விருந்து காத்திருந்தது. கணினி துவங்கவில்லை. அதற்குப் பதிலாக ஸ்பீக்கரில் 'ஹேப்பி பர்த்டே' வாசித்தது. ஒரு தடவை இல்லை, யாராவது ஒரு பொத்தானைத் தட்டும் வரை விடாமல். யாருக்குப் பிறந்தநாள் என்று தெரியாமல் ஆபீசில் உட்கார்ந்திருந்த கணக்கரின் முகத்தை எண்ணிப் பாருங்கள். புதிய ஃபர்ம்வேர் போட்ட பிறகுதான் பாட்டு நின்றது.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. அதற்கு ஆறு வாரம் முன்னால், 1993 செப்டம்பர் 30-ஆம் தேதிதான் தென்னாற்காட்டைப் பிளந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. எங்கள் கள்ளக்குறிச்சியும் அதோடு போயிற்று. அடுத்த பதிப்பு 26 வருஷம் கழித்து, 2019 நவம்பர் 26 அன்று வந்தது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. பட்டாசு வெடித்தோம், லட்டு கொடுத்தோம். அதே நவம்பரில் ஹ்யூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் உலகத்துக்கே ஓர் அவசர அறிவிப்பு கொடுத்தது. மாவட்டம் பிரிக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு ஃபர்ம்வேர் உளறுகிறது. இதற்கு விஞ்ஞான ஆதாரம் கேட்காதீர்கள். அடுத்து எந்த மாவட்டத்தைப் பிரிக்கிறார்கள் என்று பார்த்து பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்பு சொன்னது இதுதான்: எங்கள் சர்வர்களில் உள்ள சில வகை எஸ்எஸ்டி வட்டுகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும். அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். வட்டும் திரும்பாது, அதிலுள்ள தகவலும் திரும்பாது. ஆயுள்ரேகை பார்க்கும் ஜோசியர்கூட இத்தனை துல்லியமாகச் சொன்னதில்லை, சொன்னால் தொழில் நடக்காது.

எண்ணைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர்களுக்கு மூக்கு வியர்த்தது. 32,768 என்பது இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது. 16 பிட் இடத்தில் ஒரு பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் 32,767 வரைதான் எழுத முடியும். அடுத்த மணி அடித்ததும் கணக்கு சடாரென்று மைனஸ் 32,768-க்குப் போய் விழும். அப்படி விழுந்தால், இதுவரை மாடாய் உழைத்த வட்டு, தான் பிறப்பதற்கே இன்னும் மூன்றே முக்கால் வருஷம் இருக்கிறது என்று முடிவுகட்டும். பிறக்காத ஒருவனிடம் போய் நேற்று எழுதிய பில்லை எடு என்றால் எப்படி எடுப்பான்?

ஒரு வட்டு போனால் என்ன, அதற்குத்தானே நாலைந்து வட்டுகளைக் கூட்டுக்குடும்பமாகக் கட்டி வைத்திருக்கிறோம் என்று கேட்கலாம். அதில்தான் வேடிக்கை. சர்வர் வாங்கும்போது வட்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஒரே நல்ல நேரம் பார்த்து, ஒரே பொத்தானில் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்போம். ஆகவே ஒரே மணியில் எல்லாம் சேர்ந்து கண்ணை மூடும். கம்பெனியே அறிவிப்பில் அதை ஒப்புக்கொண்டது. ஒருவர் போனால் இன்னொருவர் தாங்குவார் என்று கட்டிய ஏற்பாட்டில், துக்கம் விசாரிக்கக்கூட ஆள் மிச்சம் இருக்காது.

2020 மார்ச்சில் அதே கம்பெனி இன்னொரு அறிவிப்பு விட்டது. வேறு சில வட்டுகள், 40,000 மணி நேரம். இந்தத் தடவை இரண்டின் அடுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நாற்பதாயிரம், ரவுண்டாக, மொய் எழுதினாற்போல. அந்த ஆண்டு அக்டோபருக்குள் புது ஃபர்ம்வேர் போடாவிட்டால் சாவு வரிசை தொடங்கும் என்று கணக்கும் சொன்னார்கள். இதற்கெல்லாம் முன்னோடி 2012-இல் குரூஷியல் கம்பெனியின் எம்4 வட்டு. அது 5,184 மணி நேரத்தில் மயங்கி விழுந்து, எழுப்பினால் மணிக்கு ஒரு தரம் மறுபடி விழுந்தது. திருத்தம் வந்ததும் எழுந்து ஓடியது. நல்ல பிள்ளை, தகவலைத் தொலைக்கவில்லை.

இத்தனைக்கும் மருந்து இருந்தது. மருந்தை இலவசமாகவே வெளியிட்டார்கள். போடுவதுதான் பாடு. சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ ஏதோ ஒரு டேட்டா சென்டரில், குளிர்காற்றுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு இரவு ஷிப்ட் பார்க்கும் நம் ஊர்த் தம்பிகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, ஃபர்ம்வேர் வந்துருக்கு. ரீஸ்டார்ட் கேக்குது."

"கேக்கட்டும்டா. நாம லீவு கேட்டா குடுக்கறாங்களா?"

"அவசரம்னு போட்டுருக்குண்ணே."

"எல்லாத்துலயும் அவசரம்னுதான் போடுவான். ஓடுற மாட்ட எதுக்குடா உசுப்புற? இது நான் கல்யாணம் பண்ணுன வருஷத்துலேர்ந்து நிக்காம ஓடுது."

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2018 ஜனவரியில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று இரண்டு ஓட்டைகள் அம்பலமாகி, உலகத்திலுள்ள பிராசசர்களில் பெரும்பாலானவை ரகசியம் கசியும் பானைகள் என்று தெரிந்த மாதம் அது. இன்டெல் அவசரமாக மருந்து கொடுத்தது. போட்டவர்களின் சர்வர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. ஜனவரி 22-ஆம் தேதி இன்டெல்லே முன்வந்து, இந்தப் பதிப்பை இனி யாரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. சொன்னதும் செய்த சுறுசுறுப்பான பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். சொல் பேச்சுக் கேட்காத சோம்பேறிகள் நன்றாகத் தூங்கி எழுந்து பதவி உயர்வு கேட்டார்கள். இந்தத் தொழிலில் நீதி இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

நம் தாய்மாமன் கம்பெனிக்குத் திரும்புவோம். பயாஸோடு நிற்காமல் அவர்கள் பிஎம்சிக்கும் மெகாராக் என்று ஒரு ஃபர்ம்வேர் எழுதி, பெரிய பெரிய சர்வர் கம்பெனிகளுக்கெல்லாம் கொடுத்துவந்தார்கள். 2025 மார்ச்சில் அதில் ஒரு ஓட்டை வெளிவந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையின் தலைப்பில் ஒரு வரியை மாற்றி, நான் உள்வீட்டு ஆள்தான் என்று எழுதிவிட்டால் போதும்; பிஎம்சி கடவுச்சொல்லைக் கேட்காமலே கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபியும் கொடுக்கும். வந்தவர் விரும்பினால் தாய் போர்டையே சுட்டுக் கருக்கிவிட்டுப் போகலாம். ஓட்டையின் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மார்க் கொடுத்தார்கள். இதே வகைப் பிழை ஒன்றை 2023-இல்தான் அடைத்திருந்தார்கள்; இரண்டு வருஷத்தில் அதற்குத் தம்பி பிறந்துவிட்டான். மார்ச்சிலேயே திருத்தம் வந்தாயிற்று. ஜூன் மாதம், இந்த ஓட்டை வழியாக உண்மையிலேயே ஆட்கள் புகுந்துகொண்டிருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமை தன் பட்டியலில் சேர்த்தது. மூன்று மாதம் என்பது மலைக்கணக்கில் ஒன்றுமே இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது 2024 ஜூலையில் வெளிவந்த சங்கதி. கணினி துவங்கும்போது கள்ள நிரல் நுழையாமல் காக்க ஒரு தலைமைச் சாவி உண்டு. போர்டு செய்கிறவர்கள் ஆளுக்கொரு சாவி செய்துகொள்ள வேண்டும். அதுவரை சோதித்துப் பார்க்க ஒரு மாதிரிச் சாவியைத் தாய்மாமன் கம்பெனி கொடுத்தது. யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று அதன் பெயரிலேயே 'நம்பாதே' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தது. வாங்கியவர்கள் அதை அப்படியே நூற்றுக்கணக்கான மாடல்களில் போட்டு, பெட்டி கட்டி, உலகெங்கும் விற்றுவிட்டார்கள். போதாததற்கு அந்தச் சாவியின் ரகசியப் பாதி இணையத்தில் கசிந்தது. அதற்குப் போட்டிருந்த பூட்டு நான்கே எழுத்துக் கடவுச்சொல். எங்கள் பக்கம் சைக்கிளுக்கே இதைவிடப் பெரிய பூட்டுப் போடுவார்கள்.

சரி, அண்ணனின் அந்த நிற்காமல் ஓடும் சர்வருக்கு வருவோம். ரீஸ்டார்ட் செய்யாமல் எத்தனை நாள் ஓடுகிறது என்பது அவர்கள் கூட்டத்தில் மீசைக்குச் சமமான கௌரவம். அந்த மீசையிலும் 2023-இல் மண் ஒட்டியது. ஏஎம்டி நிறுவனம் தன் இரண்டாம் தலைமுறை எபிக் சர்வர் பிராசசர்களின் பிழைப்பட்டியலில் 1474 என்ற எண்ணில் ஒரு குறிப்பைச் சேர்த்தது. கடைசியாக ரீஸ்டார்ட் செய்து ஏறத்தாழ 1,044 நாள் ஆனால், உறங்கப்போன பிராசசர் கோர் எழுந்திருக்காது. ஏறக்குறைய 2 வருஷம் 10 மாதம். சரிசெய்யும் திட்டம் உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். தப்பிக்க இரண்டு வழி. 1,044 நாளுக்கு முன் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். அல்லது கோரை அந்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவே விடாதீர்கள்.

கம்பெனியின் முதல் யோசனையை எங்கள் ஊரில் பட்டா நகல் வாங்க வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பெரியவரும் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்: "ஒருக்கா அமத்திட்டுப் போடும்மா, வரும்." இரவு ஷிப்ட் அண்ணன் மட்டும் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பார். தான் கண் விழித்துக் கிடக்கும்போது அது மட்டும் எதற்குத் தூங்க வேண்டும்?