சோழவரத்தில் டைனோ இல்லை

சோழவரத்து ஓடுபாதை இரண்டாம் உலகப்போரின்போது விமானம் இறங்கப் போட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்த ஆரம்பித்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தத் தடம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மெட்ராஸ் பக்கம் எஞ்சினில் கைவைத்த எவருக்கும் சோழவரத்தில் ஓடிக் காட்டுவதுதான் பரீட்சை.

நான் வேலை பழகிய பட்டறை செங்குன்றத்தில், ஜி.என்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் மேஸ்திரிக்கு ரேஸ் என்றால் உயிர். ஃபியட் 1100 எஞ்சின் ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டால், அது மறுபடி மூடப்படும்வரை அவருக்குச் சாப்பாட்டு நினைவே வராது.

அளந்து பார்க்க எங்களிடம் இருந்தவை ஒரு ஸ்டாப்வாட்ச், பிளக்கின் நிறம், மேஸ்திரியின் காது. கார்புரேட்டரில் ஜெட் மாற்றினால் வண்டியை முழு வேகத்தில் விரட்டுவோம். அப்படியே கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். பீங்கான் வெளிறியிருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், இளம்பழுப்பு என்றால் சரி. "பிளக்கு பொய் சொல்லாதுடா" என்பார் மேஸ்திரி. கலவை விஷயத்தில் அது முழு உண்மை. ஆனால் எஞ்சினின் பலம் எவ்வளவு என்று பிளக்குக்குத் தெரியாது. அதற்கு ஸ்டாப்வாட்ச்தான். மூன்றாம் கியரில் ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு வர எத்தனை விநாடி என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் எண்ணுவான். எதிர்காற்று அடித்தால் ஒரு கணக்கு, டேங்க் நிறைந்திருந்தால் வேறு கணக்கு.

இவ்வளவு குத்துமதிப்பான வேலையிலும் வண்டிகள் நிஜமாகவே வேகம் பிடித்தன. அந்தக் காலத்து எஞ்சினுக்குள் எடுத்துக்கொள்ள அவ்வளவு மிச்சம் கிடந்தது. பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால் கம்ப்ரஷனும் குறைவாகவே வைத்திருந்தார்கள். இன்டேக் மேனிஃபோல்டின் துளையும் சிலிண்டர் ஹெட்டின் துளையும் நேருக்கு நேர் பொருந்தாது. அது ஏன் என்று எனக்கு விளங்கியது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரிக்கு ஃபிளாஞ்ச் வார்க்கக் கொடுக்கப் போனபோதுதான். மணல் அச்சுக்குள் உட்காரும் கோர் இம்மி நகர்ந்தாலே உள்ளே வரும் துளை ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு வார்ப்பு அழகாகத்தான் இருக்கும்.

அதைச் சரிசெய்யும் வேலையை மேஸ்திரி வேறு யாரிடமும் விடமாட்டார். ஹெட்டின் முகத்தில் மார்க்கிங் புளூ தடவி, கேஸ்கட்டை வைத்து, கூரான ஊசியால் ஓரத்தைக் கீறுவார். கேஸ்கட்டை எடுத்தால் நீலப் பரப்பில் வெள்ளிக் கோடு மின்னும். கோட்டுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் உலோகம் துருத்திக்கொண்டிருக்கும், சில துளைகளில் மெல்லியதாக, சிலவற்றில் கனமாக. உள்ளே ஓடிவரும் காற்று மோதித் திரும்பும் படி அது. கிரைண்டர் கல்லால் அந்தப் பிறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவைத்து, கம்பியில் சுற்றிய எமரித் தாளால் இழைத்து, கடைசியில் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுவார். நகம் தட்டக்கூடாது. அந்த வேலை முடிந்த வண்டி எடுத்த எடுப்பிலேயே வித்தியாசம் காட்டும். அதற்கு ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம்.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு இதுதான் முழு வித்தையும். பிஸ்டன் இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றை மட்டுமே நம்பி அது வாழ்கிறது. 1.2 லிட்டர் எஞ்சின் ஒன்று 6000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு 3600 லிட்டர் காற்று. வெளியிலிருந்து நாம் என்ன மாட்டினாலும், அந்தக் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் இலகுவாக்குவதுதான் அதன் வேலை. தடை ஏற்கெனவே குறைவாக இருந்தால் நமக்குக் கிடைப்பதும் குறைவுதான்.

1998இல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளியே வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், எரிபொருள் ஊசிவழி பாயும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். முதன்முதலில் ஒரு லான்சரின் மேனிஃபோல்டைக் கழற்றியபோது மேஸ்திரி பழக்கம் விடாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். அடுத்த துளை, அதற்கடுத்தது. நகம் எங்கேயும் தட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதுல நமக்கு இன்னாடா வேலை?"

அந்தக் கேள்வியைத்தான் நான் இத்தனை வருஷமாக வெவ்வேறு வண்டிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லும் கருவி கையில் கிடைத்தது மேஸ்திரி போன பிறகு.

அந்தக் கருவிதான் டைனோ. அதில் காரின் உந்துசக்கரங்கள் தரையோடு பதித்த உருளைமேல் நிற்கும். வண்டியை நாலாபக்கமும் பெல்ட் போட்டு இறுக்குவார்கள். முன்னால் ஆளுயர ஃபேன். நேர் விகிதத்துக்கு அருகில் இருக்கும் கியரில் போட்டு, 2000 சுற்றிலிருந்து ஆக்ஸிலேட்டரை அடிமட்டம் மிதித்து உச்சச் சுற்றுவரை ஒரே இழுப்பு. உருளையின் எடையும் வடிவும் தெரிந்தவை. அதை எஞ்சின் எவ்வளவு விரைவாகச் சுற்றவைக்கிறது என்பதிலிருந்து டார்க் கிடைக்கும், டார்க்கையும் சுற்றையும் பெருக்கினால் எச்.பி. திரையில் இரண்டு கோடுகள் எழும். நாங்கள் வாரக்கணக்கில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டிய கேள்விக்குச் சில விநாடிகளில் பதில்.

ஒரு பையன் வந்திருந்தான். புது 1.2 லிட்டர் ஹேட்ச்பேக். கூம்பு ஃபில்டர், ஹெடர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், எல்லாம் மாட்டியாயிற்று, ஒரு வருஷச் சேமிப்பு. கழற்றி வைத்திருந்த கம்பெனி சாமான்களையும் டிக்கியில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முதலில் அவற்றை மாட்டி ஓட்டினோம். பிறகு கூம்பு ஃபில்டர் மட்டும். கோடு மேலே போகவில்லை, ஒரு இழை கீழே இறங்கியது. பானட்டை மூடி எஞ்சின் சூடேறிய பிறகு ஓட்டினால் இன்னும் இறங்கியது. கம்பெனி ஃபில்டர் பெட்டி கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது, கூம்பு ரேடியேட்டரின் வெக்கையை எடுக்கிறது. 35 டிகிரிக் காற்று 65 டிகிரி ஆனால் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். தச்சூர் கூட்டு ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் கூம்பு என்ன காற்றை விழுங்கும் என்று யோசித்தால் போதும்.

"சவுண்டு நல்லா வந்துச்சேண்ணா" என்றான் பையன்.

"வந்துச்சு தம்பி. வண்டி இழுக்குறது வேற."

ஹெடரும் எக்ஸாஸ்டும் மாட்டி ஓட்டியபோது 5500 சுற்றுக்கு மேலே இரண்டு எச்.பி. கூடியது. அதே கோட்டில் 2500 பக்கம் ஒரு பள்ளம். குழாயின் நீளமும் குறுக்களவும் எந்தச் சுற்றில் கழிவு வாயுவை நன்றாக இழுக்குமோ அங்கே லாபம், மற்ற இடத்தில் நஷ்டம். சோழவரத்து நீண்ட நேர்ப்பாதையில் மேலே இருக்கும் இரண்டு எச்.பி. வேண்டும். செங்குன்றம் சிக்னலில் 2500 வேண்டும். எந்தச் சாமான் விற்பவரும் இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்கு அதில் நியாயமான கோபம் உண்டு.

டைனோவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஒரே வண்டியை மாற்றமில்லாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்கும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் திருத்தம் போட எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற விதி இருக்கிறது, 25 டிகிரி வறண்ட காற்றை அடிப்படையாக வைத்து. இங்கே சித்திரை வெயிலில், கடல் ஈரத்தில், அந்தத் திருத்தமே 5 சதவீதத்தைத் தொடும். மாட்டிய சாமான் தருவதைவிட அது பெரிது. வெப்பம் அளக்கும் சென்சாரை எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும், இல்லாத சூட்டுக்கும் திருத்தம் போட்டு எச்.பி.யை ஏற்றிக் காட்டும். அதனால் காகிதத்தைப் பார்ப்பதற்குமுன் நான் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். டயர் காற்றும் பெல்ட்டின் இறுக்கமும் இரண்டு ஓட்டத்துக்கும் ஒன்றா என்று பார்க்கிறேன்.

எடுத்துக்கொள்ள ஏராளம் இருந்த காலத்தில் அளக்கக் கருவி இல்லை. ஒரு எச்.பி.யைப் பிரித்துச் சொல்லும் கருவி வந்தபோது, கம்பெனிக்காரன் அந்த ஒரு எச்.பி.யைக்கூட விட்டுவைக்கவில்லை. லான்சர் வந்த அதே திருவள்ளூர் ஆலையிலிருந்து இன்று சிட்ரோன் சி3 வருகிறது. 2022இல் அறிமுகமானபோது ஒரே 1.2 லிட்டரில் இரண்டு எஞ்சின்: டர்போ இல்லாதது 82 குதிரைத்திறன், டர்போ உள்ளது 110. கேட்லாக்கில் அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்தால் 28 கூடுகிறது, வாரண்டியோடு. நான் அறிந்த எந்தக் கூம்பும் எந்தக் குழாயும் அதில் கால்வாசி தந்ததில்லை. போதாததற்கு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது சரி என்பதே என் கட்சி. அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்து வாங்கும் இரண்டு எச்.பி. எனக்கு வேண்டாம்.

பையனிடம் ஃபில்டரைப் பழையபடி மாட்டச் சொன்னேன். நல்ல டயர், பிரேக் பேடு, நேரத்துக்கு ஆயில், இவற்றில் பணத்தைப் போடச் சொன்னேன். ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகச் சொன்னேன், சாலைக்கு வேண்டாம் என்றேன்.

ரேஸிலும் வேலை தலைகீழாகிவிட்டது. எல்லோரும் ஒரே மாதிரிக் காரை ஓட்டும் பந்தயங்கள் பெருகிவிட்டன, எஞ்சினுக்கு சீல் வைத்துவிடுகிறார்கள். ஓட்டுகிறவனின் திறமை மட்டும்தான் தெரிய வேண்டும். சீல் விழுவதற்குமுன் எல்லா எஞ்சினும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கிறதா என்று பார்க்க டைனோ வேண்டும். எங்கள் பட்டறையில் கூடமாட இருந்து வளர்ந்த ஒருவன் இப்போது அந்த வேலையில் இருக்கிறான். போன சீசனுக்கு முன்னால் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு எஞ்சின் மட்டும் மத்ததைவிட மூணு எச்.பி. அதிகமா காட்டுது. எங்க குறைக்கிறது?"

அதைத் தொடாதே, மற்றவற்றில் வால்வ் கிளியரன்ஸைப் பார் என்றேன்.