எழுபது வளைவுக்கு மேலே ஒரு கூட்டணி

கேள்வி: சந்தை நிலையில்லாமல் ஆடும்போது சிறு வியாபாரிக்குக் கூட்டாளிகள் கைகொடுப்பார்களா? (நாமக்கல் வாசகர்)

பதில்: பக்கத்திலேயே கொல்லிமலையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் தலை சுற்றும்; மரவள்ளிக்கிழங்கு விலையைக் கேட்டால் இன்னும் சுற்றும். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி, சாமையையும் தினையையும் விட்டு மரவள்ளிக்கு மாறியவர்கள் அங்கே ஏராளம். உரலும் ஒரு காரணம். சாமை லேசில் உமியை விடாது. உலக்கை பிடித்த பெண்களின் உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே இந்தச் சிறுதானியங்களுக்காக வேலையைத் தொடங்கியது. அரவை இயந்திரங்கள் சுய உதவிக் குழுக்களின் கைக்கு வந்தன. பிறகு குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பாயின. விதை காக்க ஒரு குழு, அரைக்க ஒன்று, பொட்டலம் போட இன்னொன்று. தனியாக மூட்டையோடு இறங்கினால் வியாபாரி சொன்னதுதான் விலை. பொட்டலத்தில் பெயர் அச்சிட்டு இறங்கினால் கொஞ்சமாவது பேரம் பேசலாம். மரவள்ளி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் தேர்தல் கூட்டணிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இங்கே உமியை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள்.