தொடாமலே தீரும் வலி

அறுவை சிகிச்சை முடிந்து வலியும் பதற்றமும் வந்தால் மாத்திரை கேட்பது பாமரத்தனம். ஜப்பானில் 1922இல் மிக்காவோ உசுயி தொடங்கிவைத்த ரெய்கி எதற்கு இருக்கிறது? தையல் போட்ட வயிற்றுக்கு மேலே கையைக் காட்டினால் போதும், சக்தி தானாக இறங்கும். அரைமணி நேரம் கைப்பேசியைப் பார்க்காமல் நோயாளியின் அருகே ஒருவர் உட்கார்ந்திருப்பதே அதிசயம்தான். சொந்தப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க முடியுமா?

சந்தேகப் பிராணிகள் எங்கும் உண்டு. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி, ‘தெரப்யூட்டிக் டச்’ என்ற இதே பாணி சிகிச்சை செய்யும் 21 பேரைத் தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்து, தன் கை அவர்களுடைய எந்தக் கைக்கு அருகே இருக்கிறது என்று கேட்டாள். 280 முறையில் 123 முறை சரி. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழே இதை வெளியிட்டது. பூவா தலையா போட்டிருந்தாலே பாதி தேறியிருக்கும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் சும்மாவா? அவர்களில் சிலருக்கு 27 ஆண்டுவரை அனுபவம்!

எங்கள் ஊர் தவளக்குப்பத்துக்கு ஏற்றது தொலைதூர ரெய்கிதான். கடலூர் சாலை நெரிசலில் சிக்காமல் சக்தி நேரே வீட்டுக்கு வரும். மயக்க மருந்தையும் கத்தியையும் இப்படியே அனுப்பப் பழகிவிட்டால், மருத்துவமனைகளைக் கல்யாண மண்டபமாக்கிவிடலாம்.

குடலிறக்க அறுவை முடிந்த பெரியவர் ஒருவர் இதை முழுதாக நம்பினார். சிகிச்சை முடிந்ததும் கண்ணை மூடி, கட்டணத்தையும் அதே வழியில் அனுப்பிவைத்தார்.

உடனே போன் வந்தது. “ஐயா, இன்னும் வந்து சேரலீங்க. ஜிபே நம்பர் அனுப்பட்டுங்களா?”