சுற்றிச் சுற்றி வருவதில் என்ன சுவாரசியம்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் டேடோனா 500 கார் பந்தயத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வரும் கார்களில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள்! இரண்டரை மைல் பாதை, 200 சுற்று. வளைவுகள் 31 டிகிரி சரிவு. நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். அதில் நாற்பது கார்கள் உரசிக்கொண்டு பறக்கும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுக்க, பின்னால் ஒட்டிவருபவர் அந்த மறைவிலேயே வேகம் சேர்த்து முந்தப் பார்ப்பார். முன்வரிசை வேண்டாம், டயர் துணுக்குகள் தெறிக்கும். மேல்வரிசையில்தான் முழுப் பாதையும் தெரியும். காதடைப்பான் அவசியம். ரேடியோ ஸ்கேனர் வைத்துக்கொண்டால் ஓட்டுநரும் குழுவினரும் பேசுவதை அப்படியே கேட்கலாம். ஒட்டுக்கேட்பது அங்கே குற்றமே இல்லை! பந்தயத்தின் நடுவே கார் வந்து நின்றால், நாலு டயரையும் மாற்றி எரிபொருள் நிரப்பச் சில விநாடிதான். அந்த நேரம் பார்த்து செல்போனை எடுத்துவிடாதீர்கள்.