கடலண்ணன்

பாலக்காட்டுக்குக் கடல் கிடையாது. அந்தக் குறை தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொள்பவர் சித்தூர்ப் பக்கத்துக் கடலண்ணன். பெயர் ஊர் வைத்தது. காரணம் அவர் உடுப்பு. நீலத் தொப்பி, நீலப் பனியன், முதுகில் ‘கடலைக் காப்போம்’. ரேஷன் கடைக்கும் அதே வேஷம்தான்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் இரண்டு பெண்கள் தொடங்கியது. அண்ணன் பேச்சில் அந்த இருவரும் ஏறக்குறைய சித்தி முறை ஆகிவிட்டார்கள். அன்று விடிகாலை நான்கு மணிக்குப் பொன்னானிக் கடற்கரைக்கு வேன். தலைக்கு 500 ரூபாய். கையுறை உண்டு, கட்டுச்சோறு உண்டு, பேனர் உண்டு. பேனரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டவனுக்கு அடுத்த வருஷம் வேனில் இடமில்லை.

கரையில் அவர் குனிவதே தனி அழகு. பாட்டிலைத் தொட்டபடி அப்படியே நிற்பார். போட்டோ விழுந்த பிறகுதான் பாட்டில் சாக்கில் விழும்.

ஊரில் மாதாமாதம் பிளாஸ்டிக் குப்பை வாங்க ஹரித கர்ம சேனைப் பெண் வாசலுக்கு வருவாள். பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி, கூடவே 50 ரூபாயும் கொடுக்க வேண்டும்.

“நம்ம வீட்ல ஏது தங்கச்சி பிளாஸ்டிக்? நான் கடலையே கூட்டறவன்.”

பொய்யில்லை. முந்தின ராத்திரியே அது ஸ்கூட்டரில் பாலம் வரை போய்ச் சித்தூர்ப்புழையில் இறங்கியிருக்கும். சித்தூரில் அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். அண்ணன் வீட்டுச் சோகத்தை அது பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்த்து, பாரதப்புழையாகப் போய்ப் பொன்னானியில் கடலிடம் ஒப்படைக்கிறது. வேன் வாடகை கேட்பதில்லை.

போன வருஷம் நானும் போனேன். மணலில் பாதி புதைந்திருந்த ஒரு பையை அண்ணன் இழுத்தார். போட்டோ எடுக்கும் பையன் ஓடிவந்தான். தாம்பூலப்பை. மஞ்சள் வெளுத்திருந்தது, எழுத்து வெளுக்கவில்லை. அவர் மகள் பெயர், மருமகன் பெயர், முகூர்த்தத் தேதி, அடியில் ‘வருகைக்கு நன்றி’.

“இது வேண்டாம்டா” என்றார். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது வேனில் டெக்சாஸ் பேச்சே எழவில்லை.

அடுத்த வாரம் சேனைப் பெண் வந்தாள். அண்ணன் வாய் திறக்காமல் 50 ரூபாயையும் அந்தப் பையையும் நீட்டினார். அவள் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்தேனுங்கண்ணா. சாப்பாடு பிரமாதம்.” பையை உதறினாள். “ஆனா உள்ளே பூரா கடல் மண்ணு. கழுவிக் காயவெச்சுக் குடுங்க.”

கடலண்ணன் குழாயடிக்குப் போனார்.